படுவான்கரையிலிருந்து கல்லடிப் பக்கம் குடிவருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு ஆற்றுக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை நான். மூத்த மகளின் படிப்புக்காக 2016இல் ஆற்றுக்கு இக்கரையில், மட்டக்களப்பு டவுனை ஒட்டிய கல்லடிப் பக்கம் குடிவந்தோம். மண்முனைப் பாலம் திறந்து அப்போது இரண்டு ஆண்டு. அதற்கு முன் டவுனுக்கு வருவதென்றால் மண்முனையில் பாதை ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆறு கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பாதை கரையைவிட்டுப் போய்விட்டால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது சில நிமிடத்தில் இக்கரைக்கு வந்துவிடலாம். ஆனால் வந்து குடியிருப்பது வேறு விடயம்.

ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வீடு பார்க்க வந்தால் என்னிடம் கேட்கிறார்கள். கிளினிக்கில், பஸ்சில், கோயில் வீதியில், போனில். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

வந்து மூன்று மாதமாகிவிட்டது. அயல் வீட்டார் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்களைப் பிடிக்கவில்லையா, அக்கா?

பிடிக்காமல் இல்லை, தங்கச்சி. உங்களை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊரில் நம் அயல் யார் என்று யோசித்துப் பாருங்கள். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்கு வருகிறார். அதனால் அம்மாவின் வளவு, அடுத்தது பெரியம்மாவின் வளவு, அதற்கடுத்தது சின்னம்மாவின் மகளுடைய வளவு என்று ஒரே தாய்வழி ஆட்கள் வரிசையாக இருப்பார்கள். ஊரில் அயல் என்றால் அம்மாவின் ஆட்கள். அயலோடு எப்படிப் பழகுவது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிறக்கும்போதே அது கையில் இருந்தது.

கல்லடியிலோ நாவற்குடாவிலோ நொச்சிமுனையிலோ ஒரு ஒழுங்கையில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் பத்துக் கதை. இடமாற்றம் கிடைத்து வந்த உத்தியோகத்தர் ஒருவர். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வீடு கட்டிவிட்டுத் தனியாக இருக்கும் தாய் ஒருவர். வாடகைக்கு இருந்து அடுத்த வருடம் போகிறவர் ஒருவர். சுனாமிக்குப் பிறகு இரண்டாம் முறையாக வாழ்க்கையைத் தொடங்கியவர் ஒருவர். அவர்களும் யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் முதலில் போக வேண்டும். நான் இங்கே எழுதியதில் நீங்கள் ஒரே ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது தயிரோடு. என் கணவர் ஊரிலிருந்து இரண்டு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக் கடப்படியில் நின்று கூப்பிட்டேன். ஊரில் நாம் பின்பக்கத்தால் போய் நேரே குசினிக்குள் நுழைவோம். இங்கே அது வேண்டாம். கேற்றடியில் நின்று கூப்பிடுங்கள், அவர்களாக உள்ளே வரச்சொல்லட்டும். பின்னேரம் நாலரை, ஐந்து நல்ல நேரம். மத்தியானம் ஆட்கள் படுத்திருப்பார்கள். இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகள் படிப்பார்கள்.

அப்புறம், முதல் நாளே "நீங்கள் என்ன குடி?" என்று கேட்காதீர்கள். குடி என்பது தாய்வழி வம்சம். ஊரில் அது உறவு தேடும் கேள்வி. எந்தக் குடி என்று தெரிந்தால் மாமியா மச்சாளா என்று முறை வைத்துக் கூப்பிடலாம். இங்கே அது சாதி கேட்பதாகக் காதில் விழும். சம்பளம், சீதனம், ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்பவையும் அப்படித்தான். ஊரில் அக்கறையாகக் கேட்கும் பல கேள்விகள் இங்கே ஆட்களைக் காயப்படுத்துகின்றன. "பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்?", "தண்ணி ஒழுங்கா வருதா?", "நல்ல மீன்காரர் எத்தனை மணிக்கு வருவார்?" இவை போதும். மீன்காரர் வரும் நேரத்தில் கேற்றடிக்குப் போனாலே நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு முக்கால்வாசிப் பழக்கம் அங்கேதான் வந்தது.

மகளுக்கு வீடு கட்டக் காணி பார்க்கிறோம். எந்த இடம் நல்லது?

இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டிய மாதத்தைச் சொல்கிறேன். மார்கழியில் போய்ப் பாருங்கள். வைகாசி, ஆனியில் எல்லாக் காணியும் அழகான வெள்ளை மணல். வடகீழ்ப் பருவமழை கொட்டி, ஆற்று மட்டம் ஏறி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் இன்னும் வெட்டாமல் இருக்கும் நாட்களில்தான் எந்த வளவில் தண்ணீர் நிற்கிறது, எந்த ஒழுங்கையில் முழங்காலளவு ஓடுகிறது என்று தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவுள்ள யாரிடமாவது அந்த ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். தரகர் சொல்வதைவிட அந்தக் கை சரியாக இருக்கும்.

அளவையும் மனதில் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஊரில் அரை ஏக்கர் வளவில் இருந்தவர் 80 பேர்ச்சஸில் இருந்தவர். இங்கே 10 பேர்ச்சஸ் துண்டு என்றாலே பெரிது என்பார்கள். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடி. அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம், ஒரு முருங்கை. ஊர் வீட்டின் வரைபடத்தைக் கொண்டுவந்து இதற்குள் வைக்க முடியாது. வீடு கட்ட மாநகர சபையில் வரைபடம் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். ஊரில் மேசனைக் கூட்டிவந்து கயிறு பிடித்துத் தொடங்குவதுபோல் இங்கே தொடங்கினால் பிறகு சிக்கல்.

சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதி கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று கட்டாயம் பாருங்கள். ஊரில் "அது அவர்ட காணி" என்று எல்லோருக்கும் தெரிந்தாலே போதுமாக இருந்தது. இங்கே நொத்தாரிசிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். போரிலும் சுனாமியிலும் பத்திரம் தொலைத்த குடும்பங்கள் பல. ஒரே காணிக்கு இரண்டு பேர் உரிமை சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதலில் பார்த்த காணியை வாங்காமல் விட்டது அந்த மார்கழிக்குப் பிறகுதான்.

வந்தவுடன் எங்கே பதிய வேண்டும்?

புதிய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம். ஊர்க் கிராம உத்தியோகத்தரிடமும் போவதாகச் சொல்லிவிடுங்கள். கல்லடி, நாவற்குடா எல்லாம் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்குள் வரும். வாக்காளர் இடாப்பு திருத்தும் காலத்தில் பெயரை இந்தப் பக்கம் மாற்றுங்கள். ஊர்ப் பாசத்தில் வாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு பிள்ளையை இங்கே சேர்க்கப் போகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். சொந்த வீடு என்றால் சோலைவரி, அதாவது வீட்டுவரி வரும். ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.

பெரிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?

முதலாம் தரத்துக்கு வீடு எவ்வளவு கிட்ட என்பதற்கும், பெற்றோர் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. கடந்த 5 வருடத்தைப் பார்ப்பார்கள். நேற்று வந்தவருக்கு அந்தப் புள்ளி குறையும். அதனால் பிள்ளை பிறந்ததும் யோசியுங்கள், ஐந்து வயதில் அல்ல. சொந்தக்காரரின் விலாசத்தைக் கொடுத்துச் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பிடிபட்டால் வெட்கம் பிள்ளைக்குத்தான். 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை மூலம் 6ஆம் தரத்தில் வர இன்னொரு வழி இருக்கிறது.

1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, சுவாமி விபுலாநந்தர் வளர்த்த சிவானந்தா என்று இந்த மண்ணில் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள் இருப்பது எனக்கும் பெருமை. ஆனால் நாலு ஒழுங்கை தள்ளி இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு முதலில் தேவை தன்னைத் தெரிந்த ஒரு பெரிய ஆள்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்கக் குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

காரணம் மண். இந்தக் கரை முழுதும் மணல். தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர். மலசலகூடக் குழியிலிருந்து போவதும் அதே மணலால் சுலபமாக வந்துவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்பார்கள். 52 அடிக் காணியில் உங்கள் குழியை நீங்கள் தள்ளி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மணலில் ஊறி வரும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. நம் பக்கத்துத் தண்ணீர்தான். உன்னிச்சைப் பக்கத்து ஊர்களில் வரட்சிக்குத் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை பெண்கள் குடத்தோடு நின்றதைப் பார்த்தவள் நான். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க எனக்கு இன்றுவரை மனம் வராது.

குப்பையைக் கூட்டி எரிக்கலாம்தானே?

வேண்டாம். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

வந்த முதல் மாதம், ஊர்ப் பழக்கத்தில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, மா இலையைக் குவித்து நெருப்பு வைத்தேன். ஊரில் விடியற்காலைப் புகை என்றால் வீடு எழும்பிவிட்டது என்று அர்த்தம். நுளம்பும் ஓடும். நாலு நாள் கழித்து வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டவர், போன் எடுத்து முறைப்பாடு வந்திருப்பதாகச் சொன்னார். முன்வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு. அந்தக் கிழமையில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைக்கு அப்படி ஆனது ஒரு பக்கம். பத்தடி தூரத்தில் இருக்கும் என்னிடம் சொல்லாமல் எங்கோ இருக்கும் வீட்டுக்காரரிடம் சொன்னது இன்னொரு பக்கம். ஊரில் என்றால் வேலிக்கு மேலால் "நெருப்ப அணை கா, பிள்ளைக்கு இழுக்கிது" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

பிறகுதான் விளங்கியது. நேரே சொன்னால் சண்டையாகிவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். என்னை அவருக்குத் தெரியாது. நான் மேலே சொன்ன தயிர் முட்டியோடு போனது அந்தப் பின்னேரம்தான். இன்று அந்த அக்காதான் எனக்கு இங்கே மிக நெருங்கியவர்.

இலை குழையை ஒரு மூலையில் குழிவெட்டி உக்க விடுங்கள், வாழைக்கு நல்ல பசளை. மீன் கழிவையும் அப்படியே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மேலோட்டமாகப் போட்டால் அயல் நாய் எல்லாம் உங்கள் வளவில்தான். உக்காததை மாநகர சபை உழவு இயந்திரம் வரும் நாளில் தனியாகக் கட்டிக் கொடுங்கள். பொலித்தீன் எரிக்கவே வேண்டாம்.

நெல் அவிப்பதும் இப்படித்தான். புகையும் மணமும் ஒழுங்கை முழுதும் போகும். ஊரிலேயே அவித்து, குற்றி, அரிசியாகக் கொண்டுவாருங்கள்.

நுளம்பு ஊரிலும் இருந்தது. இங்கே ஏன் இவ்வளவு கெடுபிடி?

டெங்கு. அந்த நுளம்பு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தெளிந்த தண்ணீரில் இடும். பகலில் கடிக்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஊரில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். இங்கே உங்கள் சிரட்டையில் வளர்ந்தது பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். நுளம்பு பெருக இடம் கொடுப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போடலாம். கிழமைக்கு ஒருநாள் பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள்.

கோழி, மாடு, நாய் கொண்டுவரலாமா?

கோழி நாலைந்து, கூட்டில். திறந்துவிட்டால் அடுத்த வீட்டுப் பூமரத்தடியைக் கிளறும், அதுவே பெரிய மனக்கசப்பாகும். மாடு வேண்டாம். மேயவிட இடமில்லை. ரோட்டில் நின்றால் கட்டாக்காலி என்று மாநகர சபை பிடித்துக் கட்டும், குற்றப்பணம் கட்டித்தான் மீட்கலாம். இரவில் மோட்டார் சைக்கிள் மோதினால் உயிரும் போகும். பட்டியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, மதிலுக்குள் வைத்திருங்கள்.

அம்மாவைக் கூட்டிவந்தோம். வீட்டுக்குள்ளேயே இருந்து வாடிப்போகிறார். என்ன செய்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். எனக்கும் இதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

எங்கள் அம்மா வந்த புதிதில் ஒருநாள் முன் விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னா: "இஞ்ச காத்துக்கும் மதில் கட்டி வெச்சிருக்காங்க மனே." ஊரில் அவ திண்ணையில் இருந்தால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிறவர், ஆற்றுக்குப் போகிறவர், கடைக்குப் போகிற பிள்ளை எல்லோரும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். நாளுக்கு நாற்பது பேரோடு பேசிய மனிசிக்கு இங்கே மதிலும் தொலைக்காட்சியும்தான். வயதானவர்களுக்கு வேலை குறைந்தது நல்லது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு வேலையோடு ஆட்களும் போய்விடுகிறார்கள்.

செய்து பார்த்ததில் பலித்தவற்றைச் சொல்கிறேன். கதிரையைப் பின்பக்கத்திலிருந்து முன் கேற்றடிக்கு மாற்றினோம். காலையிலும் பின்னேரமும் கேற்றின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தோம். ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் "அம்மம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வளவில் ஒரு மூலையை அவவிடமே விட்டோம். பொன்னாங்காணி, வல்லாரை, மிளகாய் வைத்தா. பிடுங்கிக் கட்டி அயலுக்குக் கொடுத்தா. பாட்டி வைத்தியம் கேட்டு இளம் தாய்மார் வந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாராவது கூட்டிப் போனார்கள்.

இவ்வளவும் செய்தும் வருடத்தில் மூன்று நான்கு மாதம் ஊரில்தான் இருக்கிறா. முதலில் எனக்கு அது தோல்விபோல் இருந்தது. இப்போது இல்லை. பஸ் ஏற்றிவிடும்போது அவ முகத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு நன்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊரில் இரவில் நெஞ்சுவலி என்றால் வாகனம் தேடி, யானை நிற்குமோ என்று பயந்து பயந்து ரோட்டில் வர வேண்டும். இங்கே 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, போதனா வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. அம்மாவுக்கு ஒருமுறை அது உயிர் காத்தது.

வயலை என்ன செய்வது? விற்றுவிட்டு வரலாமா?

விற்காதீர்கள். இது என் சொந்தக் கருத்து, ஆனால் உறுதியாகவே சொல்கிறேன். விற்ற காசு டவுனில் ஒரு மதிலும் ஒரு மோட்டார் சைக்கிளுமாகக் கரைந்ததைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பெரும்போகத்துக்கு விதைப்பு, காவல், அறுவடை என்று மாதக்கணக்கில் வட்டையில்தான் நிற்பார். யானைக் காவலுக்கு இரவில் வாடியில் படுக்க வேண்டும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்கும் வருடம் மட்டும். குடும்பம் இரண்டு இடத்தில் இருப்பது லேசில்லை, பிள்ளைகள் அப்பாவைத் தேடுவார்கள். ஆனால் சோறு சொந்தச் சோறு. செய்ய முடியாதவர்கள் சொந்தத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக் கொடுங்கள்.

செலவு கையை மீறுகிறது. சமாளிப்பது எப்படி?

ஊரில் கீரை, மீன், விறகு, தேங்காய், பால் எதற்கும் காசு எடுத்ததில்லை. அதனால் நமக்கு மாதச் செலவு என்ற கணக்கே இல்லை. இங்கே எல்லாம் காசு. முதல் ஆறு மாதம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், எங்கே போகிறது என்று தெரியும். அரிசியும் தேங்காயும் ஊரிலிருந்து வரட்டும்.

கடனில் கவனம். வீட்டு வாசலுக்கே வந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடன் இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தை உலுக்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். புதிதாக வந்தவரைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்பார்கள். அயல் உறவு கெட்டுவிடுமோ என்று மறுக்கத் தயங்குவீர்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டிய கடன் அது, அதுதான் அயல் உறவைக் கெடுக்கும். "வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தவர்கள் சேர்ந்து போடும் சின்னச் சீட்டு பரவாயில்லை.

மதில் பிரச்சினை. பக்கத்து வீட்டார் ஒரு அடி உள்ளே கட்டுகிறார்கள். பொலிசுக்குப் போகலாமா?

முதலில் நில அளவையாளரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பேசுங்கள், சத்தம் போடாமல். அடுத்தது கிராம உத்தியோகத்தர். அதற்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் இருத்திவைத்துப் பேசுவார்கள். ஊரில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் முன்னால் பேசி முடிப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பொலிசுக்குப் போன இரண்டு வீடு அடுத்த இருபது வருடத்துக்குப் பேசாது.

அயலில் வேறு சமயத்தவர். என்ன கொடுக்கலாம், வாங்கலாம்?

கல்லடியில் சைவமும் வேதமும் (கிறிஸ்தவமும்) கலந்துதான் இருக்கிறோம். கொஞ்சம் தள்ளிக் காத்தான்குடியில் முஸ்லிம்கள். பொங்கல், பழம், தயிர், பச்சையரிசி யாருக்கும் கொடுக்கலாம். முஸ்லிம் வீட்டுக்கு நம் வீட்டு இறைச்சிக் கறி வேண்டாம். கோயிலில் படைத்ததைக் கொடுக்குமுன் எந்த வீடானாலும் "படைத்தது, எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். சிலர் எடுப்பார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் மனதில் வைக்காதீர்கள். நோன்புக் கஞ்சியும் நத்தார் கேக்கும் வந்தால், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இந்தப் பழக்கம் ஊரிலும் இங்கேயும் ஒன்றுதான்.

செத்த வீடு என்றால் போவதா, விடுவதா? யாரையும் தெரியாதே.

போங்கள். கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவோம், இதற்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் பறைச் சத்தம் கேட்டே தெரிந்துகொள்வோம். இங்கே ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடியும் பதாகையும் கட்டியிருப்பார்கள். பார்த்தால் அன்றைக்கே போய் அரைமணி நேரம் இருங்கள். தேத்தண்ணி ஊற்ற ஆள் குறைவாக இருக்கும், அதில் கைகொடுங்கள். நான் இங்கே வந்து முதலில் பெயர் தெரிந்துகொண்ட பெண்களில் பாதிப்பேர் அப்படி ஒரு குசினியில் சந்தித்தவர்கள்.

ஒழுங்கையில் மரண உதவிச் சங்கம் இருந்தால் சேருங்கள். சந்தா சின்னத் தொகை. கதிரை, கொட்டில், ஆட்கள் எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். ஊரில் குடி செய்கிற வேலையை இங்கே சங்கம் செய்கிறது.

கடல் இவ்வளவு கிட்ட. இரவில் இரைச்சல் கேட்டால் நித்திரை வருவதில்லை.

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான். படுவான்கரையில் நமக்கு யானைப் பயம், வெள்ளப் பயம். கடலைத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று இந்தக் கரையோரத்து நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் என்ன நடந்தது என்பதை இங்குள்ளவர்கள் உடம்பிலேயே வைத்திருக்கிறார்கள். திருச்செந்தூர் முருகன் கோயிலில் சாய்ந்துபோன கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது குறைவு. நிலம் பலமாக, நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் வழமையில்லாமல் உள்வாங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் கடலைவிட்டு உள்ளே போக வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து எந்த ஒழுங்கையால் போவது என்று பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். நடந்து பார்த்த பிறகு எனக்கு நித்திரை வந்தது.

அயலவரிடம் "உங்களுக்கு எத்தனை பேர் போனது?" என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்வார்கள், சிலர் பத்து வருடம் கழித்துச் சொல்வார்கள். டிசம்பர் 26 காலையில் அயலில் விளக்கேற்றினால் நீங்களும் ஏற்றுங்கள். அன்றைக்குப் பாட்டுப் போடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் மகனைப் "படுவான்கரைப் பிள்ளை" என்று கேலி செய்கிறார்களாம். பேச்சை மாற்றச் சொல்லட்டுமா?

மாற்றச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் வீட்டுப் பேச்சு வெட்கத்துக்குரியது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "மறுகா", "இஞ்ச", "வா கா" எல்லாம் மட்டக்களப்பார் எல்லோருடைய பேச்சும்தான், டவுன் வீடுகளிலும் அம்மம்மாமார் அப்படித்தான் பேசுகிறார்கள். எழுதும்போது எழுத்துத் தமிழ், வீட்டில் வீட்டுத் தமிழ் என்று இரண்டும் பிள்ளைக்கு வரும்.

கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். என் இளையவனுக்கு இது நடந்தது. அவனுடைய மூன்று கூட்டாளிகளைச் சனி ஞாயிறில் ஊருக்குக் கூட்டிப் போனோம். குளத்தில் தூண்டில் போட்டார்கள், உழவு இயந்திரத்தில் ஏறினார்கள், வாடியில் இருந்து சுட்ட சோளம் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவன்தான் பெரிய ஆள்.

ஊருக்குப் போனால் "டவுன்காரர் வந்திட்டாங்க" என்கிறார்கள். இங்கே படுவான்கரை ஆட்கள். நாங்கள் எந்த ஊர்?

அடிக்கடி போகாதவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு கூர்மையாக விழும். கோயில் திருவிழாவில் உங்கள் குடிக்குரிய முறையை விடாதீர்கள். காசை மட்டும் அனுப்பாமல் ஆளாகப் போய் நில்லுங்கள். சாவுக்குப் போங்கள், அறுவடைக்குப் போங்கள். போனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்காமல் குசினிக்குள் போய்த் தேங்காய் திருவுங்கள். அரைமணி நேரத்தில் பழைய பேரில் கூப்பிடுவார்கள்.

நாங்கள் வைகாசியில் எங்கள் ஊர் கண்ணகி அம்மன் சடங்குக்குக் குடும்பத்தோடு போய், சடங்கின் நிறைவான குளிர்த்தி முடிந்துதான் திரும்புவோம். இந்தமுறை முன்வீட்டு அக்காவும் வருகிறா, இழுப்பு இருந்த அந்தப் பிள்ளையும். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. மண்முனைப் பாலத்தால் போனால் சுருக்கம். ஆனால் பிறந்ததிலிருந்து மட்டக்களப்பில் இருந்தும் அக்கா இன்னும் பாதை ஏறியதில்லையாம். அதனால் குருக்கள்மடத்துக்குப் போய், அங்கே பாதை ஏறி, அம்பிளாந்துறையில் இறங்கிப் போவதாக முடிவுசெய்திருக்கிறோம்.